சங்கத்து லாரியின் கியர் பெட்டி

(கூட்டுறவு சங்க அங்கத்தினர் கூட்டத்தில் இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)

  

கூட்டுறவு இலாகாவைச் சேர்ந்த இன்ஸ்பெக்டர் கூட்டத்தில் எழுந்து நின்றால், தவணை பாக்கியைப்பற்றியோ பங்குத் தொகையைப்பற்றியோதான் பேசப்போகிறார் என்று நீங்கள் நினைப்பது இயல்பே. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் லாரியின் கியர் பெட்டி. நான் மெட்ரிகுலேஷன் வரையில் படித்தவன். இயந்திர சாஸ்திரம் கற்றவனல்லன். ஆயினும், சங்கங்களின் செலவுச் சீட்டுகளைப் புரட்டிப் பார்ப்பது என் உத்தியோகம். அவ்விதம் புரட்டும்பொழுது, சொந்த வண்டி வைத்திருக்கும் சங்கங்களின் கணக்கில் 'கியர் பாக்ஸ் ரிப்பேர்' என்னும் வரி திரும்பத் திரும்ப வருவதைக் கண்டேன். ஆகவே பட்டறைகளில் நின்று பார்த்தேன். டிரைவர்களிடமும் மேஸ்திரிகளிடமும் விசாரித்தேன். வண்டியோடு கம்பெனியார் கொடுக்கும் கைப்புத்தகங்களையும் படித்தேன். அவ்வாறு அறிந்துகொண்டதையே இங்கே சொல்லுகிறேன்.

உங்கள் முன்னிலையில் இப்பொழுது ஒரு தீர்மானம் இருக்கிறது. சங்கத்து லாரி பழையதாய்விட்டது, இரண்டாவது கியர் நிற்பதில்லை, இரும்பு விலைக்குக் கொடுத்துவிடலாம் என்பது அத்தீர்மானம். கொடுத்துவிட்டால் என்ன நேரும் என்பதை யோசிக்கவேண்டும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய இவ்வட்டாரத்தில் லாரிக்கு எப்பொழுதும் கிராக்கி உண்டு. பக்ரீத் பண்டிகையை அடுத்த நாட்களில், உப்பிட்ட பச்சைத் தோல் கெடுமுன் மண்டிக்கும் ஷாப்புக்கும் போய்ச் சேரவேண்டியிருப்பதால், வாடகை லாரி கிடைப்பதே அரிது. அச்சமயம் உங்கள் தேங்காயும் நிலக்கடலையும் களத்தில் காத்துக் கிடக்கும். ஆகையால் லாரியை விற்பதா, மராமத்துச் செய்வதா என்று கை தூக்குமுன், அதன் கியர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சமேனும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

என்ஜின் வேகமாகச் சுற்றும். ஆனால் பாரம் ஏற்றிய வண்டியை நின்ற நிலையிலிருந்து நகர்த்துவதற்கு வேண்டிய முறுக்கு பலம் அதனிடத்தில் நேராகக் கிடையாது. 20 பல் உள்ள சிறு சக்கரம் 60 பல் உள்ள பெரிய சக்கரத்தைச் சுற்றினால், பெரியது மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றும். அதன் முறுக்கு பலமோ ஏறத்தாழ மூன்று மடங்காகும். வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்கிக்கொள்ளும் கொடுக்கல் வாங்கல் இது. முதல் கியரில் பலம் அதிகம், வேகம் குறைவு. மேல் கியர்களில் இதற்கு மாறு. கடைசிக் கியரில், பழைய லாரிகள் பலவற்றில், உள்ளே வரும் தண்டும் வெளியே போகும் தண்டும் நேராகப் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும். இந்தக் கடைசி வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தைக் கொண்டு நோய் அறிவதற்கு இது பின்னால் உதவும்.

மேடேறுவதற்குக் கியர் வேண்டும் என்று முதன்முதல் கண்டு சொன்னவர்களுள் ஒரு பெண்மணி இருக்கிறார். 1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் இரண்டு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரையில் பிரயாணம் செய்தார். மேட்டில் வண்டி ஏறாமையால் இறங்கித் தள்ள நேர்ந்தது. இறக்கத்தில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோகவே, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி அவற்றுக்குத் தோல் வைக்கச் செய்தார். வீடு திரும்பியதும், மேடேற இன்னும் ஒரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார். கியரும் தோலும் இவ்விதம் ஒரே பிரயாணத்தில் சம்பந்தப்பட்டிருப்பது நம் ஊராருக்குச் சந்தோஷம் தரும் செய்தியே.

அந்தச் சம்பந்தம் அவ்வளவோடு நிற்கவில்லை. கியர் பெட்டியிலிருந்து தண்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெய் கசியாதபடி ஒரு வளையம் இருக்கிறது. ஆயில் சீல் என்கிறோம். ஜெர்மனியில் வைன்ஹைம் என்னும் ஊரில் 1849-ல் தோல் பதனிடும் சாலையாகத் தொடங்கிய ஃபிராய்டன்பர்க் கம்பெனியார், 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் இவ்வளையத்தைத் தோலால் செய்து விற்றனர். 1936-ல் தோலுக்குப் பதிலாகச் செயற்கை ரப்பரை வைத்தனர். மிகப் பழைய வண்டிகளில் இன்றும் தோல் சீல் காணப்படும். அதை மாட்டுமுன் எண்ணெயில் நன்றாக ஊறவைக்கவேண்டும்; காய்ந்த தோலை மாட்டினால் அது சுழலும் தண்டில் கருகிப்போகும். ரப்பர் சீலுக்கு ஊறல் வேண்டுவதில்லை. ஆனால் அதன் உதட்டிலும் எண்ணெய் தடவியே ஏற்றவேண்டும். உதடு எண்ணெய் இருக்கும் பக்கத்தை நோக்கியிருக்கவேண்டும். சீல் புதிதாயிருந்தும் கசிவு நிற்கவில்லையென்றால், தண்டின்மேல் நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய சீல் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருக்கும். அப்பள்ளத்தின்மேல் எத்தனை புதிய சீல் போட்டாலும் பணம்தான் கசியும்.

கசிவுக்கு வேறொரு காரணமும் உண்டு. அதை அநேகர் பார்ப்பதில்லை. பெட்டியின் மேல்மூடியில் மூச்சுவிடுவதற்குச் சிறு துவாரமுள்ள குமிழ் ஒன்று வைத்திருப்பார்கள். ஓடி ஓடிப் பெட்டி சூடேறினால் உள்ளிருக்கும் காற்று விரியும். அது வெளியேற வழி வேண்டும். நம் மண் சாலைத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அத்துவாரத்தை அடைத்துவிட்டால், விரிந்த காற்று எண்ணெயைச் சீல் வழியாகப் பிதுக்கித் தள்ளும். இதைச் சுத்தம் செய்யக் கொஞ்சம் டீசலும் ஒரு கந்தலும் போதும். இதைச் செய்யாமல் சீல் மாற்றியதற்குச் சங்கங்கள் கொடுத்த பில்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி எண்ணெய்க்கு வருவோம். கியர் பெட்டியின் ஆயுளில் பெரும்பகுதி எண்ணெயைப் பொறுத்தது. பற்கள் ஒன்றையொன்று அழுத்தும் இடத்தில் உள்ள பாரம் மிகப் பெரிது. நடுவில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பதால்தான் இரும்பு இரும்பைத் தின்னாமல் இருக்கிறது. எண்ணெய் அளவு பார்க்கவேண்டிய முறை இது: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை நிறுத்தி, எண்ணெய் அடங்கும் வரையில் பொறுத்திருந்து, பெட்டியின் பக்கத்திலுள்ள திருகாணியைக் கழற்றவேண்டும். எண்ணெய் அத்துவாரத்தின் கீழ் விளிம்பு மட்டும் நிற்கவேண்டும். விரலை நுழைத்துப் பார்த்தால் போதும். குறைந்தால் கேடு என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகமானாலும் கேடுதான் என்பதைச் சிலர் நம்புவதில்லை. நிறைய ஊற்றினால் எண்ணெய் நுரைத்துச் சூடேறி, முன்பக்கச் சீலைத் தாண்டி, கிளட்ச் தட்டில் விழுந்து, அதையும் வழுக்கச் செய்துவிடும்.

எந்த எண்ணெய்? மளிகைக்கடையில் சீயக்காய் கேட்பதுபோல 'கியர் ஆயில் கொடு' என்று கேட்டு வாங்கக்கூடாது. டப்பாவின்மேல் 90 என்றோ 80டபிள்யூ-90 என்றோ இருப்பது எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கும். ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று இருப்பது, அழுத்தத்தைத் தாங்குவதற்காக அதில் சேர்த்துள்ள மருந்தின் தரத்தைக் குறிக்கும். பின் அச்சிலுள்ள கிரவுன் பினியனுக்குப் பெரும்பாலும் ஜி.எல்.5 வேண்டியிருக்கும். அதே எண்ணெயை முன் பெட்டியிலும் ஊற்றிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. அதில் அதிகமாகச் சேர்ந்துள்ள கந்தக மருந்து, சில பழைய பெட்டிகளிலுள்ள பித்தளை, வெண்கல வளையங்களை அரித்துவிடக்கூடும். அவ்வளையங்கள், கியர் மாற்றும்பொழுது சக்கரங்களின் வேகத்தை ஒன்றுபடுத்திச் சத்தமின்றிச் சேரச் செய்பவை; 1928-ல் அமெரிக்காவில் காடில்லாக் மோட்டார் வண்டியில் முதன்முதல் வந்தவை. இவை இல்லாத பழைய பெட்டிகளும் உண்டு. ஆகவே, கைப்புத்தகத்தில் எழுதியிருப்பதே பிரமாணம். புத்தகம் தொலைந்திருந்தால் கம்பெனி டிப்போவில் வண்டி மாடலைச் சொல்லிக் கேட்டு, எண்ணெயின் தரத்தை ஒரு தகட்டில் எழுதி டிரைவர் ஆசனத்தருகில் அடித்து வையுங்கள்.

எண்ணெயை மாற்றும்பொழுது வண்டியைக் கொஞ்சதூரம் ஓட்டி, சூடாயிருக்கும்பொழுதே வடிக்கவேண்டும். அப்பொழுதுதான் அடியில் தங்கிய கசடும் கூடவே வரும். வடித்ததை உடனே அப்புறப்படுத்தாதீர்கள். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல அதைப் பார்க்கவேண்டும். மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததே, அதுபோன்ற காலத்தில் தரைப்பாலத்துத் தண்ணீரில் சூடான பெட்டி திடீரென்று முழுகினால், உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அத்தகைய எண்ணெயை ஒரு நாளும் வைத்திருக்கக்கூடாது, பேரிங்குகள் துருப்பிடித்துவிடும். மஞ்சள் நிறமாக மினுமினுத்தால் பித்தளை வளையமோ புஷ்ஷோ தேய்கிறது. வடிகால் திருகாணியில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பசை சாதாரணத் தேய்மானமே, பயப்படவேண்டாம். நகத்துண்டு போன்ற இரும்புச் சில்லு கிடைத்தால் மட்டும் அதற்குமேல் வண்டியை ஓட்டாமல் பெட்டியைத் திறக்கவேண்டும்.

சங்கத்தின் டிராக்டருக்கும் இது பொருந்தும். டிராக்டர்கள் பலவற்றில் கியருக்கும் ஏர் தூக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். சேற்றுழவில் புகுந்த தண்ணீர் இரண்டையும் சேர்த்தே கெடுக்கும்.

கியர் பெட்டியைப்பற்றி வரும் புகார்களில் ஒரு பங்கு, உண்மையில் கிளட்ச்சின் குற்றம். ஒரு சங்கத்தில் (ஊர்ப் பெயர் வேண்டாம்) ஒரே வருஷத்தில் இரண்டு முறை பெட்டி இறக்கப்பட்டது. பற்சக்கரங்கள் மாற்றப்பட்டன, பில்களும் ஒழுங்காகவே இருந்தன. ஆயினும் கியர் போடும்பொழுது கர்ரென்று வரும் சத்தம் நிற்கவில்லை. மூன்றாம் முறை வந்த வயதான மேஸ்திரி ஒருவர் பெட்டியைத் தொடவே இல்லை. கிளட்ச் மிதியைக் கையால் அழுத்திப் பார்த்தார். பாதித் தூரம் அது சும்மா போயிற்று. அடியில் படுத்து, இணைப்புக் கம்பியின் மரையைச் சில சுற்றுகள் முறுக்கினார். சத்தம் போய்விட்டது. கூலி என்னவென்று கேட்டதற்கு ஒரு டீ போதும் என்றாராம். சங்கத்தார் சந்தோஷ மிகுதியால் ரூபாய் கொடுத்து, ரஸீது வாங்க மறந்துவிட்டார்கள். அதை நான் குறிப்பில் எழுதவேண்டியதாயிற்று.

மிதியில் ஓரளவு சும்மா போகும் இடம் இருக்கத்தான் வேண்டும். அது அதிகமானால் கிளட்ச் முழுதும் விலகாது. சுற்றிக்கொண்டே இருக்கும் சக்கரத்தில் மற்றதைத் திணிக்கும்பொழுது பல் நுனிகள் உடையும். அவ்விடம் அறவே இல்லையென்றால் கிளட்ச் முழுதும் பிடிக்காது, வழுக்கிக் கருகும். எத்தனை அங்குலம் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். மிதியின்மேல் காலை வைத்தபடியே ஓட்டுவது சில டிரைவர்களின் பழக்கம். வாடகைக் குதிரைக்காரனைப்போல் அல்லாமல் சொந்தக்காரர்களாகிய நீங்கள் இதைக் கவனித்துச் சொல்லவேண்டும்.

பித்தளை வளையமில்லாத பழைய பெட்டியில் கியர் மாற்றுவது ஒரு வித்தை. மேல் கியருக்குப் போகும்பொழுது மிதியை அழுத்தி, நியூட்ரலுக்குக் கொணர்ந்து, மிதியை விட்டு, மறுபடி அழுத்திப் போடவேண்டும். கீழ்க் கியருக்கு இறங்கும்பொழுது, நியூட்ரலில் மிதியை விட்டிருக்கும் அந்தக் கணத்தில் ஆக்ஸிலேட்டரைச் சிறிது கொடுத்து, மறுபடி அழுத்திப் போடவேண்டும். இரட்டைக் கிளட்ச் என்று பழைய டிரைவர்கள் இதைச் சொல்வார்கள். புது லாரியில் பழகிய இளைஞரைப் பழைய லாரியில் ஏற்றுமுன், ஒரு வாரமாவது பழைய டிரைவர் பக்கத்தில் உட்காரவையுங்கள். அதற்கு ஆகும் படிச் செலவு ஒரு பற்சக்கரத்தின் விலையில் சிறு பங்குதான்.

இறக்கத்தில் டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதைக் கண்டிப்பாய்த் தடுக்கவேண்டும். ஏலகிரி மலைச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பாரத்தோடு இறங்கும்பொழுது கீழ்க் கியரில் இருந்தால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழுந்து, அது சூடேறிப் பிடியாமற் போகும். என்ஜினையும் நிறுத்திவிட்டால், பல பெட்டிகளில் எண்ணெயை வாரி இறைக்கும் கீழ்த்தண்டு சுற்றாது; மேல்தண்டு மட்டும் காய்ந்து ஓடும். மிச்சமாகும் டீசலை எண்ணி உயிரையும் பெட்டியையும் பணயம் வைக்கக்கூடாது.

சத்தத்தைக் கொண்டு நோய் அறியும் முறையைச் சொல்லுகிறேன். வண்டி நின்று, நியூட்ரலில் என்ஜின் ஓடும்பொழுது சத்தம் கேட்டு, மிதியை அழுத்தியதும் நின்றால், பெட்டியின் உள்வரும் தண்டின் பேரிங்கிலோ கீழ்த்தண்டிலோ குற்றம். அழுத்தும்பொழுதுதான் சத்தம் பிறக்கிறதென்றால் கிளட்ச்சின் ரிலீஸ் பேரிங், பெட்டியைப் பிரிக்கவேண்டியதில்லை. ஒரு கியரில் மட்டும் சத்தமென்றால் அந்த ஜோடிச் சக்கரம். எல்லாக் கியரிலும் சத்தம் வந்து, நேராகப் பூட்டிக்கொள்ளும் கடைசிக் கியரில் மட்டும் அடங்கினால், கீழ்த்தண்டின் பேரிங்குகளைச் சந்தேகிக்கவேண்டும். ஏனெனில் அக்கியரில் கீழ்த்தண்டுக்குப் பாரம் இல்லை. உங்கள் லாரியைப்போல் கியர் தானே நழுவி நியூட்ரலுக்கு வருமானால், முதலில் மேல்மூடியிலுள்ள குண்டையும் ஸ்பிரிங்கையும் பார்க்கவேண்டும். அவை அற்ப விலையுள்ளவை, பெட்டியை இறக்காமலே மாற்றத்தக்கவை. அடுத்து, பெட்டியைத் தாங்கும் ரப்பர் கட்டைகள். அதன் பிறகே ஃபோர்க்கும், பேரிங்கும், தேய்ந்த பல்லும். இரும்பு விலைக்குக் கொடுக்கச் சொல்லுகிறவர்கள் இவ்வரிசையில் ஒன்றையாவது பார்த்தார்களா என்று கேளுங்கள்.

பெட்டியை இறக்குவது என்றாய்விட்டால், சில விஷயங்களைக் காரியக் கமிட்டியார் நேரில் நின்று பார்க்கவேண்டும். இறக்குமுன் வெளிப்புறத்து மண்ணைக் கழுவவேண்டும். புரொப்பல்லர் தண்டைக் கழற்றும்பொழுது இரு பக்கத்திலும் அடையாளக் கோடு போட்டு, அவ்விதமே திரும்பப் பூட்டவேண்டும், மாறினால் அதிரும். லாரிப் பெட்டி மிகுந்த பாரமுள்ளது. ஜாக்கியின்மேல் தாங்கியே இழுக்கவேண்டும். முன் தண்டு கிளட்ச் தட்டுக்குள் இருக்கையிலேயே பெட்டியைத் தொங்கவிட்டால் தட்டு வளைந்துபோகும். கழற்றிய சாமான்களைக் கழற்றிய வரிசைப்படி சுத்தமான துணியில் பரப்பவேண்டும். இடைவெளி வாஷர்கள் எந்த இடத்தில் இருந்தனவோ அதே இடத்திற்குப் போகவேண்டும். பேரிங்கைச் சுத்தியால் நேராக அடிக்கும் மேஸ்திரியிடம் வேலை கொடுக்காதீர்கள். தண்டின்மேல் ஏறும் பேரிங்கை உள்வளையத்தில் மட்டுமே அழுத்தி ஏற்றவேண்டும். பல் உடைந்த சக்கரத்தை வெல்டிங் வைத்து ஒட்டித் தருகிறோம் என்பார்கள். அது மலையேறும் லாரிக்கு உதவாது. ஒரு சக்கரம் போனால் அதன் ஜோடியையும் சேர்த்து மாற்றுவது நல்லது. தேய்ந்ததும் புதியதும் சேர்ந்து நெடுநாள் குடித்தனம் செய்யமாட்டா.

பழைய பெட்டியை அப்படியே விலைக்கு வாங்குவது சில சமயம் லாபம். ஆனால் வாங்குமுன் வடிகாலைத் திறந்து பாருங்கள். சத்தம் தெரியாதிருப்பதற்காக எண்ணெயில் மரத்தூளைக் கலந்து வைக்கும் தந்திரம் நெடுங்காலமாக உலகமெங்கும் உள்ளது.

தீர்மானத்துக்கு ஒரு கணக்கு. மராமத்துக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சொந்த லாரியில் போவதால் நடைக்கு 500 ரூபாய் மிச்சம், மாதம் 20 நடை என்றால், ஆறு மாதத்தில் அச்செலவு திரும்பிவிடும். உங்கள் நடைப் புத்தகத்திலிருந்து மெய்யான தொகைகளை எடுத்து இதே கணக்கைப் போடுங்கள். ஆனால் லாரியின் சட்டம் துருப்பிடித்து, என்ஜினும் புகை கக்குமானால் இக்கணக்குச் செல்லாது. எட்டு வருஷம் கடந்த சரக்கு வண்டிக்கு வருஷந்தோறும் தகுதிச் சான்று பெறவேண்டும். பெட்டியைப் புதுப்பித்துவிட்டுச் சட்டத்திற்காகச் சான்று மறுக்கப்பட்டால் இரட்டை நஷ்டம். ஆகவே முதலில் சட்டம், பிறகு என்ஜின், பிறகே பெட்டி. என் அபிப்பிராயத்தில், மற்ற இரண்டும் நன்றாயிருந்து பெட்டி மட்டும் கெட்ட வண்டியை விற்பது, கடைவாய்ப் பல் வலிக்கிறதென்று உழவு மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவதற்குச் சமானம்.

இரண்டு பட்டறைகளிலாவது விலைப்புள்ளி எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பேரிங்குகளையும் சக்கரங்களையும் பட்டறையில் விட்டுவராமல் கொண்டுவந்து, அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டவேண்டும். பில்லில் எழுதிய சாமான் தட்டில் இல்லையென்றால் கேட்பதற்கு ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உரிமை உண்டு. எண்ணெய் பார்த்த தேதி, ஊற்றிய அளவு, வடித்ததில் கண்டது ஆகியவற்றை எழுத ஒரு சிறு நோட்டுப் போதும்.

வடித்த எண்ணெயை வாய்க்காலில் கொட்டாதீர்கள். பாலாற்று நீருக்கு நேர்ந்த கதியை நாம் அறிவோம். 1996 ஆகஸ்டு 28-ந் தேதி உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், கெடுத்தவரே ஈடுசெய்யவேண்டும் என்று விதித்து, தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. ஷாப்புக்காரரைக் குறைசொல்லும் நாம் நம் லாரியின் கசடை அதே ஆற்றில் விடலாகாது. டின்னில் சேர்த்துவைத்து, அனுமதி பெற்ற பழைய எண்ணெய் வியாபாரியிடம் கொடுத்து, வரும் தொகையை வரவில் எழுதுங்கள்.

லாரி காலைமுதல் வெளியே சமதரையில் நிற்கிறது, எண்ணெய் அடங்கியிருக்கும். டிரைவர் திருகாணியைக் கழற்றிக் காட்ட இசைந்திருக்கிறார். தீர்மானத்துக்குக் கை தூக்குமுன் எல்லோரும் ஒரு முறை வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.